தீர்ப்பின் இன்றைய நிலை: பெரம்பலூர், அரியலூர் மாவட்ட மாணவர்களும் பல்கலைக்கழகச் சட்ட நூலகப் பணிகளும்

(பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சட்ட நூலகத்தின் தனித்தன்மை

மருத்துவ நூலகத்தில் பத்தாண்டுப் பழைய பாடநூல் ஓரங்கட்டப்படுகிறது. இலக்கிய நூலகத்தில் பழைய பதிப்பு பேணிக் காக்கப்படுகிறது. சட்ட நூலகத்தில் மட்டும் நூலின் வயதைக் கொண்டு அதன் பயனை அளவிட முடிவதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்திற்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆயினும் அந்த நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றத்திற்குப் பழைய சட்டமே பொருந்துவதால், 511 பிரிவுகள் கொண்ட பழைய நூலும் 358 பிரிவுகள் கொண்ட புதிய நூலும் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்தாக வேண்டும். அதற்கு நேர்மாறாக, சென்ற ஆண்டு அச்சாகிப் புத்தம் புதிதாக வந்த ஒரு விளக்கவுரை, அது நம்பியிருந்த தீர்ப்பைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று மாற்றிவிட்டால், அன்றிலிருந்தே வாசகரைத் தவறான வழியில் நடத்தத் தொடங்கிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவே இவ்வுரையின் மையக் கருத்து. கேட்ட நூலை எடுத்துக் கொடுப்பதோடு சட்ட நூலகத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. கையில் கிடைத்த சட்டப் பிரிவும் தீர்ப்பும் இன்றைய தேதியில் செல்லுபடியாகின்றனவா என்பதை மாணவர் தாமே சரிபார்த்துக்கொள்ளும் பயிற்சியை அளிப்பதே அதன் முதற்பணி. வீட்டில் வழக்கறிஞர் எவரும் இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இந்தப் பயிற்சி நூலகத்தை விட்டால் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

சட்ட நூலகத்தின் சேமிப்பு இருவகைப்படும். சட்டமன்றங்கள் இயற்றிய சட்டங்கள், அவற்றின் கீழ் வந்த விதிகள், அரசிதழ் அறிவிக்கைகள் ஆகியவை ஒரு வகை. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேர்ந்து வெளியிடும் தீர்ப்புத் திரட்டுகள் மற்றொரு வகை. மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்னும் முன்தீர்ப்பு நெறியை இந்தியா பின்பற்றுவதால், இரண்டாம் வகை முதல் வகைக்கு நிகரான அதிகாரம் பெற்றது. 1875ஆம் ஆண்டின் இந்தியத் தீர்ப்புத் திரட்டுச் சட்டத்தின் வழியே அதிகாரபூர்வத் திரட்டுகள் வரத் தொடங்கின. 1891இல் மெட்ராஸ் லா ஜர்னல் தோன்றியது. சுதந்திர இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் திரட்டான எஸ்.சி.ஆர். 1950 முதலும், தனியார் வெளியீடான எஸ்.சி.சி. 1969 முதலும் வருகின்றன. ‘(2020) 8 எஸ்.சி.சி. 129’ என்று ஒரு தீர்ப்பு சுட்டப்பட்டால், 2020ஆம் ஆண்டின் எட்டாம் தொகுதியில் 129ஆம் பக்கத்தில் அது தொடங்குகிறது என்பது பொருள். முதலாண்டு மாணவர் நூலகத்தில் முதலில் கற்க வேண்டியது இந்தச் சுட்டுமுறையையே.

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், கல்லூரி நூலகத்தில் முக்கியத் திரட்டுகளும் இதழ்களும் குறைந்தது பத்தாண்டுப் பழைய தொகுதிகளோடு இருக்க வேண்டும் என்கின்றன. தொகுதிகளின் எண்ணிக்கையை விதி வரையறுக்கலாம். அவற்றைப் பயன்படுத்தும் திறனை வளர்ப்பது நூலகரையும் ஆசிரியரையும் சார்ந்தது.

இரு மாவட்டங்கள், இரு அமர்வுகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து சட்டம் பயிலச் செல்வோருக்கு அண்மையிலுள்ள பெரிய சட்டக் கல்வி மையம் திருச்சிராப்பள்ளி. அங்குள்ள அரசு சட்டக் கல்லூரி, 1997இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்றது. நகருக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அரியலூர் சென்னை–திருச்சி ரயில் தடத்தில் இருக்கிறது. பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லாததால் அங்கிருந்து நாள்தோறும் வந்து போகும் மாணவர் நெடுஞ்சாலைப் பேருந்தையே நம்பியிருக்கிறார். வகுப்பு முடிந்தவுடன் பேருந்துக்குப் புறப்பட்டாக வேண்டிய மாணவருக்கு, மாலையில் திறந்திருக்கும் வாசிப்பறையைவிட வீட்டிலிருந்தே தரவுத்தளத்தில் நுழையும் வசதிதான் உண்மையான நூலகச் சேவையாக அமையும்.

இம்மாணவர்களின் தேடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியபோது திருச்சிராப்பள்ளி மாவட்டம் அதன் எல்லைக்குள் வந்தது. பெரம்பலூரும் அரியலூரும் சென்னையிலுள்ள முதன்மை அமர்வின் கீழேயே நீடிக்கின்றன. ஆகவே திருச்சியில் படிக்கும் அரியலூர் மாணவர் தம் ஊர் சார்ந்த ரிட் மனு ஒன்றைத் தேடும்போது, உயர் நீதிமன்ற இணையப் பக்கத்தில் மதுரைக் கிளையைத் தெரிவுசெய்தால் வெறுங்கையோடு திரும்ப நேரும். மதுரைக் கிளையின் வழக்கு எண்களில் ‘எம்.டி.’ என்ற குறி சேர்ந்திருப்பதையும், முதன்மை அமர்வின் எண்களில் அது இல்லாததையும் அறிந்தவர் இந்தப் பிழையை உடனே கண்டுகொள்வார்.

மாவட்ட எல்லைகள் மாறிய வரலாறும் தேடலைப் பாதிக்கிறது. 1995 வரை இப்பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து பிரிந்த அரியலூர் 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைபெற்றது. செந்துறை வட்டத்து நிலம் பற்றிய 1990ஆம் ஆண்டு வழக்கு திருச்சி மாவட்டப் பெயரிலும், 1998ஆம் ஆண்டு வழக்கு பெரம்பலூர் மாவட்டப் பெயரிலும், 2010ஆம் ஆண்டு வழக்கு அரியலூர் மாவட்டப் பெயரிலும் பதிவாகியிருக்கும். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒருபடித்தாக இல்லை. ஜயங்கொண்டம், உடையார்பாளையம் ஆகிய பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுவதால், ஒரே எழுத்துக்கூட்டலோடு தேடுபவர் கிடைக்கக்கூடிய தீர்ப்புகளில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறார். இத்தகைய பெயர் வேறுபாடுகளையும் எல்லை மாற்றங்களையும் ஒரே தாளில் தொகுத்துத் தருவது ஒரு நூலகர் இரண்டு நாளில் முடிக்கக்கூடிய வேலை. அதன் பயனோ அடுத்தடுத்து வரும் மாணவர் அணிகள் அனைத்துக்கும் கிட்டும்.

நில எடுப்பு: ஒரு வினாவின் பயணம்

சட்ட ஆய்வுதவி என்பது நடைமுறையில் எப்படிச் செயல்படும் என்பதை இப்பகுதிக்கே உரிய ஒரு பொருளைக் கொண்டு பார்ப்பது பொருத்தமாகும். ஜயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்காக 1990களில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவின் பொருட்டு விவசாயிகளின் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. இழப்பீடு போதாது என்று தொடுக்கப்பட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. திட்டம் நிறைவேறாமலே போக, நிலங்களை உரியவர்களிடமே திருப்பித் தரும் முடிவை அரசு பின்னர் எடுத்தது. இப்பின்னணியில் வளர்ந்த ஒரு மாணவர் நில எடுப்பு இழப்பீட்டைத் தம் ஆய்வேட்டுப் பொருளாக எடுத்துக்கொள்வதாகக் கொள்ளலாம்.

அவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் 2013 இறுதி வரை நடைமுறையில் இருந்தது. 2014 ஜனவரி 1 முதல் நியாயமான இழப்பீட்டுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. பழைய சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் 30 விழுக்காடாக இருந்த ஆறுதல் தொகை, அதாவது விருப்பமின்றி நிலத்தை இழப்பதற்கான கூடுதல் தொகை, புதிய சட்டத்தில் 100 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் புதிய சட்டத்தின் 24ஆவது பிரிவு, பழைய சட்டத்தின் கீழ் இழப்பீட்டுத் தீர்வம் ஏற்கெனவே பிறப்பிக்கப்பட்டிருந்தால் அந்த நடவடிக்கை பழைய சட்டப்படியே தொடரும் என்கிறது. ஆகவே தீர்வத்தின் தேதியை அறியாமல் இவ்வாய்வு ஓரடியும் நகராது.

அடுத்தது கால வரம்பு. பழைய சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி, இழப்பீட்டை ஏற்காத நில உரிமையாளர் விவகாரத்தை நீதிமன்றத்திற்கு அனுப்பக் கோரலாம். தீர்வம் பிறப்பிக்கப்பட்டபோது அவர் நேரில் இருந்திருந்தால் அதற்கான அவகாசம் ஆறு வாரம் மட்டுமே. அவ்வாறு கோரத் தவறியவர், அதே அறிவிக்கையில் அடங்கிய பக்கத்து நிலத்துக்காரருக்கு நீதிமன்றம் கூடுதல் தொகை வழங்கினால், அந்த நீதிமன்றத் தீர்வத்தின் தேதியிலிருந்து மூன்று மாதத்திற்குள் 28–ஏ பிரிவின் கீழ் தாமும் மறுநிர்ணயம் கோரலாம். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வழி இது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று வாசகரின் நேரம் வீணாகாமல் காப்பதைப் பற்றியது. மற்ற நூலகங்களில் தாமதம் வாசகருக்குச் சலிப்பைத் தரும். சட்ட நூலகத்திலோ தாமதமாகக் கிடைத்த தகவல் ஒருவரின் உரிமையையே காலாவதியாக்கிவிடலாம்.

மூன்றாவதாக, தீர்ப்பின் நிலை. பழைய தீர்வம் பிறப்பிக்கப்பட்டு ஐந்தாண்டுக்கு மேலாகியும் உடைமை எடுக்கப்படாமலோ இழப்பீடு வழங்கப்படாமலோ இருந்தால் நில எடுப்பு நடவடிக்கையே காலாவதியாகும் என்ற வகையில், 24ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2014 ஜனவரியில் புனே மாநகராட்சி வழக்கில் விளக்கியது. இழப்பீட்டுத் தொகையை அரசுக் கருவூலத்தில் செலுத்தியது உரியவருக்கு வழங்கியதாகாது என்றும் அது கூறியது. நாடெங்கும் பல நில எடுப்புகள் இத்தீர்ப்பைக் காட்டி எதிர்க்கப்பட்டன. 2018இல் மற்றொரு மூன்று நீதிபதிகள் அமர்வு மாறுபட்ட முடிவுக்கு வந்ததால் குழப்பம் எழுந்தது. இறுதியில் 2020 மார்ச் 6 அன்று இந்தூர் வளர்ச்சி ஆணையம் எதிர் மனோகர்லால் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உடைமை எடுத்தல், இழப்பீடு வழங்கல் ஆகிய இரண்டுமே நிகழாதிருந்தால் மட்டுமே நடவடிக்கை காலாவதியாகும் என்று தீர்மானித்து, புனே தீர்ப்பைச் செல்லாததாக்கியது. 2016இல் வெளிவந்த தரமான விளக்கவுரையை ஊன்றிப் படித்த மாணவர் புனே தீர்ப்பிலேயே நின்றுவிடுவார். அவருடைய உழைப்பில் குறையில்லை, முடிவு மட்டும் தவறாக இருக்கும்.

நான்காவதாக, மாநிலச் சட்டத்தின் நிலை. தொழில் தேவைகளுக்கான நில எடுப்புக்குத் தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் இயற்றியது. அதையும் ஆதிதிராவிடர் நலத் திட்டங்கள், நெடுஞ்சாலைகள் ஆகியவற்றுக்கான இரு மாநிலச் சட்டங்களையும் 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க 105–ஏ என்ற பிரிவு மாநிலத் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாடு செல்லாது என்றது. சில வாரங்களில் சட்டமன்றம் மூன்று சட்டங்களையும் மீட்டெடுக்கும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2021 ஜூன் 29 அன்று ஜி. மோகன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மீட்புச் சட்டத்தை உறுதிசெய்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்போடு தேடலை நிறுத்தியவருக்கு இச்சட்டங்கள் இறந்துவிட்டன. மேலும் இரண்டு அடி சென்றவருக்கு அவை உயிரோடிருக்கின்றன.

சரிபார்ப்பும் கருவிகளும்

இவ்வகைச் சரிபார்ப்பின் தேவை புதிதன்று. 1873இல் சிகாகோவைச் சேர்ந்த ஃபிராங்க் ஷெப்பர்டு, ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னர் எந்தத் தீர்ப்புகள் ஏற்றன அல்லது மறுத்தன என்பதைப் பசை தடவிய சிறு தாள்களில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றைத் தங்கள் திரட்டுகளின் பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டனர். இன்று எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தரவுத்தளங்கள் அந்த வேலையைத் திரையில் செய்கின்றன.

கட்டணம் இல்லாத வழிகளும் இப்போது ஏராளம். 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன் தளம் ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிற தீர்ப்புகளைப் பட்டியலிடுகிறது. இந்தியா கோட் தளம் நடப்பிலுள்ள சட்டங்களைத் தருகிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கிய இ–எஸ்.சி.ஆர். தளம் அதிகாரபூர்வத் திரட்டை எவரும் படிக்கத் திறந்துவிட்டது. அவ்வாண்டு முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எந்தப் பதிப்பகத்தையும் சாராத பொதுச் சுட்டெண்ணும் வழங்கப்படுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில் தீர்ப்புகள் கிடைப்பதும் பெரிய உதவியே. ஆனால் அரசமைப்பின் 348ஆவது உறுப்பின்படி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் மொழி ஆங்கிலமாக இருப்பதால், மொழிபெயர்ப்பு புரிந்துகொள்வதற்கு மட்டுமே பயன்படும், வாதத்தில் ஆங்கில மூலமே எடுபடும். தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆகவே பெரம்பலூர் நீதிமன்றத்தில் தமிழில் வாதிடப்போகும் மாணவரும் ஆங்கிலத் தீர்ப்பைத் தேடிப் படித்தாக வேண்டும்.

தரவு பெருகியதால் ஆபத்தும் பெருகியுள்ளது. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கித் தந்த தீர்ப்புகளை உண்மையென மனுவில் சுட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் ஒவ்வொரு சுட்டெண்ணையும் மூலத் திரட்டில் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் இத்தகைய அவமானம் நேராது. அந்தப் பழக்கத்தை முதலாண்டிலேயே ஊட்டக்கூடிய இடம் நூலகம்.

ஆய்வுதவியின் கூறுகள்

பல்கலைக்கழகச் சட்ட நூலகம் அளிக்க வேண்டிய ஆய்வுதவியை நான்கு கூறுகளாகப் பகுக்கலாம். முதலாவது, தொலை அணுகல். கட்டணத் தரவுத்தளங்கள் பொதுவாக வளாகத்தின் இணைய முகவரியிலிருந்து மட்டுமே திறக்கும். இன்ஃபிளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் போன்ற ஏற்பாடுகள் வழியே மாணவர் தம் பெயரிலான நுழைவுரிமையைக் கொண்டு வீட்டிலிருந்தும் உள்ளே செல்லலாம். இரண்டாவது, தேடல் பயிற்சி. சேர்க்கை வாரத்தில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுவது இதற்குப் போதாது. மாதிரி நீதிமன்றப் போட்டிக்கோ கருத்தரங்கக் கட்டுரைக்கோ மாணவர் உண்மையான வினாவோடு வரும் வேளையில் நூலகர் உடனமர்ந்து தேடுவதே பலன் தரும்.

மூன்றாவது, ஆய்வு நேர்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கருத்துத் திருட்டை அளவுவாரியாகப் பகுத்து, 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமையைத் தண்டனைக்கு அப்பாற்பட்ட சிறு அளவாகக் கொள்கின்றன. சட்ட ஆய்வேட்டில் சட்டப் பிரிவுகளையும் தீர்ப்பு வாசகங்களையும் சொல்லுக்குச் சொல் எடுத்தாள வேண்டியிருப்பதால், முறையான மேற்கோளுக்கும் திருட்டுக்கும் உள்ள எல்லையை மாணவருக்கு விளக்குவது நூலகரின் கடமையாகிறது. நான்காவது, ஆவண வழங்கல், அதாவது கேட்ட பக்கத்தைப் படியெடுத்து அனுப்புதல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, நீதிமன்றம் தடுக்காத வரை தீர்ப்பை மறுபதிப்புச் செய்வது உரிமை மீறலாகாது என்கிறது; ஆனால் பதிப்பகம் தீர்ப்பின் தலைப்பில் எழுதிச் சேர்க்கும் சுருக்கக் குறிப்புக்கும் அதன் பதிப்பாசிரியர்களின் சொந்தச் சேர்க்கைகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்பது ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் 2007இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தெளிவாயிற்று. எனவே தீர்ப்பின் மூலப் படியைத் தயக்கமின்றி அனுப்பலாம். பதிப்பகத்தின் குறிப்புகளை அப்படியே அனுப்புவதில் கவனம் வேண்டும்.

மாவட்டங்களை நோக்கி

சட்டக் கல்லூரிகள் சட்ட உதவி மையம் நடத்த வேண்டும் என்று வழக்கறிஞர் மன்ற விதிகள் கூறுகின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும், இரு நகரங்களின் மாவட்ட மைய நூலகங்களும், வழக்கறிஞர் சங்க நூலகங்களும் பல்கலைக்கழக நூலகத்தோடு ஓர் எளிய உடன்பாடு செய்துகொண்டால், விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் அங்கிருந்தே தேடலைத் தொடரலாம். அங்கே ஓர் எல்லையையும் மனத்தில் இருத்த வேண்டும். பட்டாவும் சிட்டாவும் ஏந்தி வரும் பொதுமக்களுக்குப் பொருந்தக்கூடிய சட்டத்தைக் காட்டுவது நூலகப் பணி. வழக்கு வெல்லுமா என்று சொல்வது வழக்கறிஞரின் பணி.

செலவு மிகுந்த திட்டங்களுக்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆய்வேட்டோடும் ஒரு தேடல் பதிவேடு இணைக்கப்படட்டும். எந்தத் தளத்தில், எந்த அமர்வில், எந்தப் பெயர் வடிவங்களில் தேடப்பட்டது, முக்கியத் தீர்ப்பு ஒவ்வொன்றும் செல்லுபடியாவது கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது என்பவை அதில் பதிவாகட்டும். அதற்கும் மதிப்பெண் வழங்கப்படட்டும். இதற்குப் புதிய கட்டடமோ கூடுதல் சந்தாவோ தேவையில்லை. இந்தப் பழக்கத்தோடு வெளியேறும் இளம் வழக்கறிஞர், அரியலூரிலோ ஜயங்கொண்டத்திலோ தம் முதல் இழப்பீட்டு வழக்கை நடத்தும் நாளில், சுட்டிய தீர்ப்பு எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது என்று எதிர்த்தரப்பு எழுந்து சொல்லக் கேட்டுத் தலைகுனிய மாட்டார். அவரை நம்பி வந்த விவசாயியும் அதனால் நிலத்தின் விலையை இழக்க மாட்டார்.